கட்டுரைக்கு ஒரு படம் வேண்டும்: எடுப்பதா, கேட்பதா, விடுவதா?

கட்டுரை எழுதி முடித்த பிறகுதான் பெரும்பாலும் படத்தைப் பற்றிய நினைப்பே வருகிறது. தேடுபொறியில் இரண்டு சொற்களை இட்டதும் நூறு படங்கள் வந்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்று, நாம் பத்துப் பத்திகளில் சொல்ல முயன்றதை ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறது. யார் வரைந்தது என்று தெரியவில்லை, அல்லது ஓரத்தில் சிறிய கையொப்பம் மட்டும் தெரிகிறது. வெளியிட வேண்டிய நேரமோ நெருங்கிக்கொண்டிருக்கிறது. இந்த இடத்தில் ஒருவர் செய்யக்கூடியவை பல. அப்படியே எடுத்துப் போடலாம், ஓவியரின் பெயரைக் குறிப்பிட்டுப் போடலாம், படத்தை எடுக்காமல் அது இருக்கும் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கலாம், எழுதிக் கேட்கலாம், பதிப்புரிமைக் காலம் முடிந்த ஓவியங்களிலோ பொது உரிமத்தில் வழங்கப்பட்ட படங்களிலோ தேடலாம், விலைக்கு வாங்கலாம், செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் வரையச் சொல்லலாம், படமே வேண்டாம் என்றும் விடலாம். இவற்றை ஒப்பிடத் தொடங்கும்போது பலரும் முதலில் கேட்பது, எதில் சட்டச் சிக்கல் வராது என்பதைத்தான். எனக்கு அதைவிடப் பயன்பட்ட கேள்வி வேறு: இந்தப் படம் என் கட்டுரையில் என்ன வேலை செய்கிறது? அந்தப் படத்தைப் பற்றியே நான் பேசுகிறேனா, அல்லது என் பேச்சுக்கு அதை அலங்காரமாக வைக்கிறேனா? இதற்கு விடை சொல்லிவிட்டால் மேலே சொன்ன வழிகளில் பாதி தாமாகவே விலகிவிடுகின்றன.

சட்டத்தின் அடிப்படையை இங்கேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1886-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையை இன்று உலக நாடுகளில் மிகப் பெரும்பாலானவை ஏற்றிருக்கின்றன. அதன்படி ஓர் ஓவியத்துக்குப் பதிப்புரிமை கிடைப்பதற்கு அதை எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிப்புரிமைக் குறியைப் போட்டு வைக்க வேண்டியதும் இல்லை. படைப்பு உருவான உடனேயே உரிமையும் உருவாகிவிடுகிறது. ஆகவே, ‘குறி எதுவும் இல்லையே, எல்லோரும் பார்க்கும்படிதானே வைத்திருக்கிறார்’ என்று சொல்வதற்கு அடிப்படை இல்லை. பார்ப்பதற்கு வைத்த பொருளும் எடுத்துக்கொள்ள வைத்த பொருளும் ஒன்றல்ல. அதே உடன்படிக்கையில் 1928-ஆம் ஆண்டு ரோமில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. படைப்பைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், தன் மதிப்புக்கு இழுக்காகும்படி அதைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையும் படைப்பாளிக்கு உண்டு என்கிறது அப்பிரிவு. பொருளாதார உரிமையை வேறொருவருக்கு விற்றுவிட்ட பிறகும் இந்த இரண்டும் அவரிடமே தங்கும். பணத்தோடு தொடர்பில்லாத ஒன்று இங்கே காக்கப்படுகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், ‘நான் இதில் காசு பார்க்கவில்லையே’ என்னும் சமாதானம் ஏன் பாதி விடையாகவே நின்றுவிடுகிறது என்பது புரியும்.

முதல் வழி, எதுவும் கேட்காமல் எதுவும் சொல்லாமல் எடுத்துப் போடுவது. இதற்கு நம்மிடம் ஒரு நாகரிகமான போர்வையும் உண்டு: படத்தின் கீழே ‘படம்: இணையம்’ என்றோ ‘நன்றி: கூகுள்’ என்றோ எழுதிவிடுவது. இணையம் எதையும் வரைவதில்லை. தேடுபொறி எந்தப் படத்தையும் எடுப்பதில்லை. நூலகத்திலிருந்து எடுத்த புத்தகத்துக்கு ஆசிரியர் என்று நூலகத்தின் பெயரை எழுதுவதற்கு ஒப்பானது இது. இந்த வரி ஓவியரின் பெயரை மறைப்பதோடு, பெயரை ஏற்கெனவே சொல்லிவிட்டதுபோன்ற ஒரு தோற்றத்தையும் தருகிறது. இதன் தீங்கு ஒரு பக்கத்தோடு முடிவதும் இல்லை. ஒரு படக்கோப்பினுள் படைப்பாளியின் பெயரும் தொடர்பு விவரமும் பதிந்திருக்கக்கூடும். சமூக ஊடகங்களில் ஏற்றி இறக்கும்போது அவை பெரும்பாலும் உதிர்ந்துவிடுகின்றன. ஒருவர் ஓரத்துக் கையொப்பத்தை வெட்டிப் போடுகிறார், அடுத்தவர் அந்த வெட்டிய படத்தை எடுக்கிறார், மூன்றாமவர் அதன் மேல் தன் பக்கத்தின் பெயரை முத்திரையாகக் குத்துகிறார். நான்காவதாக வருபவர் நேர்மையாகக் கேட்க விரும்பினாலும் யாரிடம் கேட்பது என்று தெரியாத நிலை அப்போதே வந்துவிடுகிறது.

நானும் இதைச் செய்தவன்தான். சிறிய இணைய இதழ் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு சிறுகதைக்கு மேலே எங்கோ கண்ட நீர்வண்ண ஓவியம் ஒன்றை ‘படம்: இணையம்’ என்று போட்டு வெளியிட்டேன். மூன்று வாரங்களுக்குப் பிறகு ஓவியரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கோபம் எதுவும் இல்லாத, களைத்துப்போன கடிதம் அது. நான் உடனே அவருடைய பெயரைச் சேர்த்துவிடுவதாகவும் அவருடைய பக்கத்துக்கு இணைப்புத் தருவதாகவும் பதில் எழுதினேன். அதுவே அவர் எதிர்பார்க்கும் பரிகாரம் என்றுதான் நினைத்தேன். அவருக்கு அது வேண்டியதாக இல்லை. அந்த ஓவியத்தை ஒரு நூலின் அட்டைக்காக, இரண்டாண்டுகளுக்கு வேறு எங்கும் பயன்படுத்துவதில்லை என்ற ஒப்பந்தத்தின்பேரில் அவர் விற்றிருந்தார். என் பக்கத்தைப் பார்த்த பதிப்பாளர், அவரே அதை எங்களுக்கும் கொடுத்துவிட்டார் என்று எண்ணி விளக்கம் கேட்டிருந்தார். நான் பெயரைச் சேர்த்திருந்தால் அந்தச் சந்தேகம் உறுதியாகியிருக்கும். பெயர் போடுவது எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று அதுவரை நம்பியிருந்த எனக்கு, ஒரு படத்தைச் சுற்றி என் கண்ணுக்குத் தெரியாத எத்தனை ஏற்பாடுகள் இருக்கக்கூடும் என்பது அன்றுதான் உறைத்தது.

ஆகவே இரண்டாவது வழியான ‘பெயரோடு எடுத்துப் போடுதல்’ பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நல்லெண்ணம் உள்ளவர்கள் பெரும்பாலோர் நிற்கும் இடம் இதுவே. முதல் வழியைவிட இது மேல் என்பதில் ஐயமில்லை. பெயர் நிலைக்கிறது, தேடி வருபவருக்கு ஒரு தடயம் கிடைக்கிறது. ஆனால் பெயர் குறிப்பிடுவது ‘யாருடையது’ என்ற கேள்விக்கு மட்டுமே விடை சொல்கிறது. ‘போடலாமா’ என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இந்த வேறுபாட்டை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் தீர்த்த ஒரு வழக்கு மிகத் தெளிவாகக் காட்டுகிறது. ஜெர்மனியில் ஒரு பள்ளி மாணவர் ஸ்பானிய மொழி வகுப்புக்காகத் தயாரித்த கட்டுரையில், ஸ்பெயினின் கோர்டோபா நகரத்து ஒளிப்படம் ஒன்றை ஒரு பயண இணையதளத்திலிருந்து எடுத்துச் சேர்த்து, அது எங்கே கிடைத்தது என்பதையும் கீழே குறிப்பிட்டிருந்தார். பள்ளி அக்கட்டுரையைத் தன் இணையதளத்தில் ஏற்றியது. படம் முதலில் இருந்த தளத்தில் எவரும் தடையின்றிப் பார்க்கலாம். மாணவர் மூலத்தை மறைக்கவில்லை. பள்ளிக்கு இதில் இலாபமும் இல்லை. இத்தனைக்குப் பிறகும், வேறொரு தளத்தில் மீண்டும் ஏற்றுவது புதிதாகப் பொதுமக்களிடம் சேர்ப்பதே ஆகும், அதற்கு ஒளிப்படக் கலைஞரின் ஒப்புதல் வேண்டும் என்று நீதிமன்றம் கூறிவிட்டது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று எனக்குச் சட்டத்தைத் தாண்டியும் சரியாகப் படுகிறது. படைப்பாளி தன் படத்தை மூலத் தளத்திலிருந்து எடுத்துவிட விரும்பினால், அந்த விருப்பம் நிறைவேற வேண்டும்; நகல்கள் ஏற்கெனவே வேறு இடங்களில் வாழ்ந்துகொண்டிருந்தால் அது ஒருபோதும் நிறைவேறாது.

‘நாங்கள் போட்டதால் அவரைப் பத்துப் பேருக்குத் தெரிய வருகிறதே’ என்பது இந்த வழியில் நிற்பவர்களின் வழக்கமான வாதம். சில நேரங்களில் அது உண்மையாகவும் இருக்கிறது. ஆனால் அந்த விளம்பரம் தனக்கு வேண்டுமா, எந்த இடத்தில் வேண்டும், எந்தப் பேச்சின் பக்கத்தில் வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியவர் ஓவியர். அவரைக் கேட்காமல் அவருக்கு நன்மை செய்வது, கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்துவிட்டுப் புண்ணியக் கணக்கில் கடைக்காரரின் பெயரையும் எழுதிக்கொள்வதுதான். சூழல் மாறுவதால் ஒரு சித்திரத்துக்கு என்ன நேரும் என்பதற்குப் பெப்பே என்னும் தவளையைவிட நல்ல சான்று இல்லை. அமெரிக்கச் சித்திரக்காரர் மேட் ஃப்யூரி 2005-இல் ஒரு சித்திரக்கதைக்காக வரைந்த சோம்பேறித்தனமான, தீங்கற்ற பாத்திரம் அது. ஆயிரக்கணக்கானோர் அதை எடுத்து மாற்றி மாற்றிப் பகிர்ந்ததன் முடிவில், 2016-இல் வெறுப்புப் பேச்சைக் கண்காணிக்கும் ஓர் அமைப்பு அதனை வெறுப்புச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கும் நிலை வந்தது. ஃப்யூரி பல ஆண்டுகளாகத் தன் தவளையைத் திரும்பப் பெறப் போராடினார். அதைச் சுவரொட்டியில் அச்சிட்டு விற்ற ஒரு தளம் 2019-இல் 15,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. பகிர்ந்தவர்களில் பெரும்பாலோர் தீய எண்ணம் இல்லாதவர்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பல ஓவியர்கள் தங்கள் பக்கத்திலேயே ‘மறுபதிவு வேண்டாம்’ என்று எழுதி வைப்பது இதனால்தான். அந்த வரியைப் படித்த பிறகும் பெயரோடு எடுத்துப் போடுபவர், உரியவர் மறுத்துவிட்டதைத் தெரிந்தே செய்கிறார்.

இதற்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. நான் தொடக்கத்தில் வைத்த பிரிப்பு இங்கேதான் பயன்படுகிறது. ஓர் ஓவியத்தை விமர்சிக்கிறேன், அதன் நிறத் தேர்வை ஆராய்கிறேன், அது வேறோர் ஓவியத்தைப் பார்த்து வரையப்பட்டது என்று நிறுவ முயல்கிறேன் என்றால், அந்த ஓவியம் என் பக்கத்தில் இருந்தாக வேண்டும். கவிதையை விமர்சிப்பவர் அதன் வரிகளை மேற்கோள் காட்டுவதற்குக் கவிஞரிடம் அனுமதி கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்ற நிலை வந்தால் விமர்சனம் என்ற ஒன்றே இருக்காது. பெர்ன் உடன்படிக்கை மேற்கோளுக்கு இடம் தருகிறது. நாடுகள் பலவற்றின் சட்டங்கள் ‘நியாயமான பயன்பாடு’ என்றோ அதையொத்த பெயர்களிலோ இதற்கு வழி வைத்திருக்கின்றன. இந்த ஓரிடத்தில் அனுமதி பெறாமல் பயன்படுத்துவதை நான் குறை சொல்லமாட்டேன். அதோடு, விமர்சிக்கப்படுபவர் அனுமதி மறுத்தாலும் பயன்படுத்தலாம் என்பேன். ஆனால் அந்த இடத்தின் எல்லை குறுகியது. படத்தைப் பேச்சுக்குத் தேவையான அளவிலும் தரத்திலும் மட்டும் தர வேண்டும். அதை எடுத்துவிட்டால் என் வாதம் நொண்டியாகும் என்ற நிலை உண்மையாகவே இருக்க வேண்டும். வாசகர் மூலத்தைத் தேடிச் செல்ல வேண்டிய தேவையை என் பிரதி ஒழித்துவிடக் கூடாது.

இந்த எல்லையை மீறினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம், ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலின் அறக்கட்டளைக்கும் ஒளிப்படக் கலைஞர் லின் கோல்ட்ஸ்மித்துக்கும் இடையிலான வழக்கில் சொன்னது. பாடகர் பிரின்ஸை கோல்ட்ஸ்மித் 1981-இல் எடுத்த படத்தை, 1984-இல் ஓர் இதழ் 400 டாலர் கொடுத்து, ஓவியத்துக்கான ஆதாரமாக ஒரே ஒரு முறை பயன்படுத்திக்கொள்ள உரிமம் பெற்றது. வார்ஹோல் அதைக் கொண்டு ஒன்றுக்குப் பதிலாக ஒரு வரிசையையே உருவாக்கினார். பிரின்ஸ் மறைந்த 2016-இல் அவ்வரிசையிலிருந்து இன்னொரு படத்துக்கு அறக்கட்டளை 10,000 டாலர் பெற்றது. கோல்ட்ஸ்மித்துக்குப் பணமும் இல்லை, பெயரும் இல்லை. மாற்றம் செய்திருப்பதால் மட்டுமே நியாயமான பயன்பாடு ஆகிவிடாது, மூலப் படம் எந்தச் சந்தையில் எந்த நோக்கத்துக்கு விற்கப்படுமோ அதே நோக்கத்துக்கு அதன் வழிப்படைப்பை விற்கும்போது அந்த வாதம் வலுவிழக்கிறது என்பதே தீர்ப்பின் சாரம். நிறத்தை மாற்றிவிட்டேன், திருப்பிப் போட்டுவிட்டேன், மேலே நான்கு எழுத்துகளைச் சேர்த்துவிட்டேன் என்று சொல்பவர்கள், வார்ஹோலுக்கே போதாமற்போன வாதம் இது என்பதை நினைவில் கொள்ளலாம்.

இணைப்புக் கொடுப்பதும் உட்பொதிப்பதும் மூன்றாவது வழி. படத்தை நகலெடுக்காமல், படைப்பாளியே வெளியிட்ட பதிவை அவருடைய இடத்திலிருந்தே காட்டுவது இது. எவரும் பார்க்கும்படி திறந்திருக்கும் பக்கத்துக்கு இணைப்புத் தருவது புதிய வெளியீடு ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014-இலேயே கூறியிருக்கிறது. அதே ஆண்டில் பட உரிமங்களை விற்கும் கெட்டி இமேஜஸ் நிறுவனமும் ஏறத்தாழ 3.5 கோடி படங்களை வணிகமற்ற பக்கங்களில் இலவசமாக உட்பொதித்துக்கொள்ள வழி திறந்தது. அறநோக்கில் இதன் சிறப்பு, கட்டுப்பாடு உரியவரிடமே இருப்பது. அவர் பதிவை நீக்கினால் என் பக்கத்திலும் அது மறைந்துவிடும். பலர் இதையே குறை என்கிறார்கள். எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. படக்கோப்பின் முகவரியை மட்டும் பிடுங்கி, ஓவியரின் பெயரோ பக்கமோ தெரியாமல் அவருடைய சேமிப்பகத்திலிருந்து நேரடியாக இழுத்துக் காட்டுவதும் உண்டு. அதில் படத்தோடு சேர்த்து அவர் கட்டணம் செலுத்தும் தரவுப் போக்கையும் எடுத்துக்கொள்கிறோம். இது முதல் வழியைவிடவும் மோசம்.

அடுத்தது, கேட்பது. எல்லோரும் சரி என்று ஒப்புக்கொண்டு யாரும் செய்யாத வழி இது. காலதாமதமாகும், பதில் வராது, பெரிய தொகை கேட்பார்கள் என்ற மூன்று அச்சங்கள் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. மேலே சொன்ன மின்னஞ்சலுக்குப் பிறகு நான் கேட்டே பயன்படுத்துவது என்று முடிவு செய்துகொண்டதால், இந்த அச்சங்களை என் அனுபவத்தோடு ஒப்பிட முடிகிறது. பதில் எழுதியவர்களில் பெரும்பாலோர் பணம் எதுவும் கேட்கவில்லை. கட்டுரை எதைப் பற்றியது என்று மட்டும் கேட்டார்கள். அந்தக் கேள்வியே அவர்களுக்கு எது முக்கியம் என்பதைக் காட்டியது. சிலர் மறுத்தார்கள். ஒருவர், நான் கேட்ட ஓவியம் தனக்கே இப்போது பிடிக்கவில்லை என்று சொல்லி வேறொன்றை அனுப்பினார். அது முதலாவதைவிடப் பொருத்தமாகவும் இருந்தது. கேட்கும் கடிதத்தில் எந்தப் படம், எந்தப் பக்கத்தில், எந்த அளவில், எவ்வளவு காலத்துக்கு, அதில் விளம்பர வருவாய் உண்டா இல்லையா, வெட்டவோ எழுத்துச் சேர்க்கவோ எண்ணமுண்டா என்பவற்றை நான்கைந்து வரிகளில் சொல்லி, கட்டுரையின் சுருக்கத்தையும் இணைத்துவிட்டால் போதும். பாராட்டுரைகள் தேவையில்லை. பதில் வராமல் போனால், அதை ‘மறுக்கவில்லை’ என்று படிக்கும் ஆசை எழும். மௌனம் சம்மதம் என்பது இங்கே பொருந்தாது, ஏனென்றால் கடிதம் அவர் கண்ணில் பட்டதா என்பதே நமக்குத் தெரியாது.

யாரிடம் கேட்பது என்பது தனிக் கேள்வி. 2008-இல் வந்த டின்ஐ போன்ற, படத்தைக் கொண்டே படத்தைத் தேடும் கருவிகள் மிகப் பழைய பதிவைக் கண்டுபிடிக்க உதவுகின்றன. ஆனால் மிகப் பழைய பதிவு என்பதாலேயே அது உரியவருடையது ஆகிவிடாது. 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது அங்கிருந்த ஒளிப்படக் கலைஞர் டேனியல் மோரெல் தன் படங்களைச் சமூக ஊடகத்தில் ஏற்றினார். வேறொருவர் அவற்றைத் தன் படங்கள்போலப் பதிவிட, உலகப் புகழ்பெற்ற செய்தி முகமை ஒன்று அந்த இரண்டாமவர் பெயரிலேயே அவற்றை வினியோகித்தது. 2013-இல் நடுவர் குழு மோரெலுக்கு ஏறத்தாழ 12 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது. தொழில்முறை நிறுவனங்களே தவறிய இடம் இது என்பதால், ‘நான் எடுத்தது’ என்று ஒருவர் சொல்வதை மட்டும் நம்பாமல், அவருடைய மற்றப் படைப்புகளோடு அது பொருந்துகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

அலங்காரத்துக்குத்தான் படம் வேண்டும் என்றால், நான் இப்போது முதலில் போகும் இடம் அருங்காட்சியகங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் பதிப்புரிமைக் காலம் கடந்த தன் சேகரிப்புகளின் ஏறத்தாழ 3,75,000 படங்களை எந்த நிபந்தனையும் இன்றித் திறந்துவிட்டது. ஸ்மித்சோனியன் நிறுவனம் 2020 பிப்ரவரியில் 28 லட்சம் படங்களோடு அதைப் பின்தொடர்ந்தது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகமும் சிகாகோ கலைக் கழகமும் இதே வழியில் உள்ளன. இவற்றில் எடுப்பதால் எந்த உயிருள்ள ஓவியரின் பிழைப்பும் பாதிக்கப்படுவதில்லை. படத்தின் தரமும் தேடுபொறியில் கிடைப்பதைவிடப் பல மடங்கு மேல். பதிப்புரிமைக் காலம் நாட்டுக்கு நாடு மாறும் என்பது மட்டும் சிக்கல்: பெர்ன் உடன்படிக்கை படைப்பாளி இறந்தபின் குறைந்தது 50 ஆண்டுகள் என்கிறது, இந்தியாவில் 60, ஐரோப்பிய ஒன்றியத்தில் 70. தட்டையான பழைய ஓவியத்தை அப்படியே படமெடுத்ததற்குத் தனிப் பதிப்புரிமை இல்லை என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 1999-இல் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியமும் 2019-இன் நெறியாணையில் அதை ஒட்டியே நின்றது. சிற்பத்தின் ஒளிப்படம் அப்படியல்ல. கோணமும் ஒளியும் எடுத்தவருடையவை.

சட்டம் விடுவித்துவிட்ட எல்லாவற்றையும் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஓவியர்களின் படைப்புகளை அனுமதியின்றித் தரைவிரிப்புகளில் நெய்து விற்றதைப் பற்றிய 1994-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், புனிதமான உருவங்கள் காலால் மிதிக்கப்படும் பொருளில் வந்ததால் அவ்வோவியர்களுக்குத் தம் சமூகத்தினுள் ஏற்பட்ட வேதனையையும் நீதிமன்றம் இழப்பீட்டில் கணக்கிட்டது. அந்த ஓவியங்களுக்குப் பதிப்புரிமை இருந்தது. ஆனால் அவற்றின் மூலமான மரபு வடிவங்கள் எந்தக் காலக்கெடுவைவிடவும் பழையவை. அவற்றுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் உரிமையாளர் என்று ஒருவரும் இல்லை, மக்கள் கண்ணில் காவலர்கள் பலர் உண்டு. ஒரு சடங்கு உருவத்தை நகைச்சுவைக் கட்டுரைக்கு மேலே வைப்பதற்கு முன், காலம் முடிந்துவிட்டது என்ற கணக்கு மட்டும் எனக்குப் போதுவதில்லை.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள், உயிருடன் இருக்கும் படைப்பாளி முன்கூட்டியே எழுதி வைத்த பதில் போன்றவை. 2002 டிசம்பரில் முதல் உரிமங்கள் வந்தன. இன்று அடிப்படையில் ஆறு வகைகள் உள்ளன. பெயர் குறிப்பிட வேண்டும் என்பது ஆறுக்கும் பொது. வணிகத்துக்குக் கூடாது, மாற்றக் கூடாது, மாற்றினால் அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்பவை சேர்ந்தும் பிரிந்தும் மற்ற வகைகளைத் தருகின்றன. கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் அவசரத்துக்கு இதுவே ஏற்றது. ஆனால் நம்மில் பலர் ‘இலவசம்’ என்ற சொல்லோடு படிப்பதை நிறுத்திவிடுகிறோம். படைப்பின் தலைப்பு, படைப்பாளியின் பெயர், மூலத்தின் இணைப்பு, உரிமத்தின் பெயர், மாற்றியிருந்தால் அந்தக் குறிப்பு ஆகியவற்றைத் தருவதுதான் இதற்கான விலை. அதைத் தராதவர் உரிமத்தின்படி அனுமதி இல்லாமல் பயன்படுத்துபவரே. 2013-இல் வந்த நான்காம் பதிப்பு, தவறு தெரியவந்த 30 நாள்களுக்குள் திருத்திக்கொண்டால் உரிமம் மீண்டும் உயிர்பெறும் என்ற சலுகையைத் தருகிறது. மாற்றக் கூடாது என்னும் வகையில் மேலே எழுத்தைப் பதித்துப் பகிர்வதும், வணிகம் கூடாது என்னும் வகையை விளம்பரம் ஓடும் பக்கத்தில் போடுவதும் நான் அடிக்கடி காணும் பிழைகள்.

விலைக்கு வாங்குவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பணம் இருந்தால் அது நேர்மையான வழி, புதிதாக வரையச் சொல்லிக் கூலி கொடுப்பது அதைவிட நல்ல வழி. வாங்கினாலும் விழிப்பு வேண்டும் என்பதற்கு ஒரு வேடிக்கையான நிகழ்ச்சி உண்டு. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் கேரல் ஹைஸ்மித், தான் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களை எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி அந்நாட்டு நூலகத்துக்குக் கொடையாக அளித்தவர். அவருடைய அறக்கட்டளையின் தளத்தில் அவருடைய படமே இருந்ததற்காக, 120 டாலர் செலுத்தும்படி, படங்களை விற்கும் நிறுவனம் ஒன்றின் சார்பில் அவருக்கே கடிதம் வந்தது.

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் வரையச் சொல்வது இப்போது பலருக்கு இயல்பான விடையாகிவிட்டது. எந்த ஓவியரின் படத்தையும் எடுக்கவில்லை, ஆகவே யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்பது அதன் கவர்ச்சி. ஆனால் 2022-இல் வெளியான, இத்தகைய கருவிகள் சிலவற்றின் பயிற்சிக்கு அடிப்படையான லயான்-5பி என்னும் தரவுத்தொகுப்பில் மட்டும், இணையத்திலிருந்து திரட்டப்பட்ட 585 கோடிப் படங்களின் முகவரிகளும் அவற்றின் விளக்கச் சொற்களும் இருந்தன. படைப்பாளிகளிடம் கேட்டுச் சேர்க்கப்பட்டவை அல்ல அவை. பயிற்சிக்காக எடுப்பது நியாயமான பயன்பாடா என்பதைப் பற்றி 2023 முதல் ஓவியர்களும் பட நிறுவனங்களும் தொடுத்த வழக்குகள் பல. சட்டம் எப்படி முடிவெடுத்தாலும், ஒப்பீட்டில் நான் கவனிப்பது ஒன்றுதான்: மற்ற வழிகளில் நான் அனுமதி கேட்காமல் விட்ட ஒருவர் இருக்கிறார், அவர் என்னைத் தேடி வந்து கடிதம் எழுதவும் முடிகிறது. இங்கே கேட்கப்படாதவர்களின் எண்ணிக்கை கூடுகிறது, ஆனால் அவர்களில் ஒருவருக்கும் எனக்குக் கடிதம் எழுத வழியில்லை. உயிருடன் இருக்கும் ஓர் ஓவியரின் பெயரைக் கட்டளையில் எழுதி ‘அவருடைய பாணியில்’ என்று கேட்பவர், அந்தச் சிறு மறைவையும் இழந்துவிடுகிறார். பாணிக்குப் பதிப்புரிமை இல்லை என்பது சரியே. ஆனால் அவரிடம் போக வேண்டிய வேலையை அவர் பெயரைச் சொல்லியே வேறிடத்தில் செய்துகொள்வதை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று கேட்டுக்கொள்ளலாம்.

படமே இல்லாமல் வெளியிடுவதைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை. நான் பார்த்தவரை, கட்டுரைக்கு மேலே உள்ள படங்களில் பாதி, எடுத்துவிட்டாலும் எந்த வாசகரும் கவனிக்காதவை.

இந்த வழிகளில் எதிலும் சரியாக அடங்காத ஒன்று, உரியவரைக் கண்டுபிடிக்கவே முடியாத படம். பிரிட்டன் 2014 முதல், உரிய தேடலை நடத்திய பிறகும் உரிமையாளர் கிடைக்காத படைப்புகளுக்கு அரசே கட்டணம் பெற்று உரிமம் தரும் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012-ஆம் ஆண்டு ஏற்பாடு நூலகங்கள், அருங்காட்சியகங்கள் போன்றவற்றுக்கு மட்டுமே உதவும். தனி எழுத்தாளருக்கு இப்படி ஒரு கதவு பெரும்பாலான இடங்களில் இல்லை. சென்ற முறை எனக்கு இந்நிலை வந்தபோது அது ஒரு கரிக்கோட்டுச் சித்திரம். நான்கு இடங்களில் நான்கு பெயர்களில் இருந்தது. நான்கு பேருக்கும் எழுதினேன். இருவர் தங்களுடையது அல்ல என்று ஒப்புக்கொண்டார்கள், ஒருவர் பதிலளிக்கவில்லை, ஒருவர் தன்னுடையதுதான் என்றார். அவருடைய மற்றச் சித்திரங்களில் ஒன்றுகூட அந்தக் கையில் இல்லை. சித்திரம் எப்படி இருக்கிறது என்பதை மூன்று வாக்கியங்களில் விவரித்து, நான் கண்ட மிகப் பழைய பக்கத்தின் இணைப்பையும் கொடுத்து, ‘இதை வரைந்தவர் யார் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்’ என்று கீழே சேர்த்தேன். இதுவரை யாரும் எழுதவில்லை. படத்துக்கான இடம் காலியாகவே இருக்கிறது.